தமிழ்செல்வியின் எதிராளி நாற்காலி

தமிழ்செல்வி இறந்துவிட்டார். இந்த ஜூன் மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, தேரடித் தெருவில் தன்னுடைய கம்ப்யூட்டர் சென்டர் மாடியில், ஒரு ஸ்லைடில் இருந்த எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்பது.

விஷயத்தை முதலில் சொல், வணக்கத்தை அப்புறம் வை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அதனால் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது வணக்கம்.

நம் வணிகர் சங்கத் தலைவர் சக்கரபாணி அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, தமிழ்செல்வியின் கணவர் முருகையன் அவர்களே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் மகளிர் குழுவினரே, கிரிவலப் பாதை ஓட்டல் உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் என் கையில் ஒரு பட்டியல் கொடுத்தார். இருபத்தாறு பேரைப் பட்டத்தோடு பேர் சொல்லி விளிக்க வேண்டுமாம். தலைவரே, மன்னிக்க வேண்டும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

நான் அருணகிரி. அவலூர்பேட்டை ரோட்டில் மல்லாட்டை மண்டியும், அந்தக் கடலையை ஆட்ட இரண்டு மரச்செக்கும் வைத்திருக்கிறேன். மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். எனக்கு விலை பேசத் தெரியும், மேடையில் பேசத் தெரியாது. இதுவரை நாலு பேருக்கு முன்னால் நின்று நான் பேசியதெல்லாம் தமிழ்செல்வி தயார் செய்து கொடுத்தது. பேங்கில் பேசினேன், அவர் தயார் செய்தார். சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசினேன், அவர் தயார் செய்தார். என் பெண் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை வரவேற்று ஆறு வரி பேசினேன், அதையும் அவர்தான் தயார் செய்தார். இன்றைக்கு இந்த உரையை யாரய்யா தயார் செய்து கொடுப்பது? கொடுக்க வேண்டியவர் அதோ, மாலைக்கு நடுவில் படமாக இருக்கிறார்!

பத்து நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். பேச வார்த்தை கிடைக்காத குழப்பம் இல்லை. நடந்தது என்ன என்பதே எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நான் செய்தது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உங்களில் யாருக்காவது புரிந்தால், கூட்டம் முடிந்து போகும்போது எனக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் குடோன் கட்ட பேங்கில் கடன் கேட்டேன். மேனேஜர், "மண்டல ஆபீஸ்லருந்து வராங்க, பதினைஞ்சு நிமிசம் ஒரு பிரசன்டேஷன் குடுத்துடுங்க" என்றார். என் மருமகன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாற்பத்தாறு ஸ்லைடு போட்டுக் கொடுத்தான். அதை பிரின்ட் எடுக்கத் தமிழ்செல்வியிடம் போனேன். "எங்கே, ஒரு தடவை பேசிக் காட்டுங்கண்ணே" என்றார்.

பேசினேன். முதல் ஸ்லைடில் அண்ணாமலையார். இரண்டாவதில் என் அப்பா அம்மா. மூன்றாவதில் பேங்க் மேனேஜர் போட்டோ. அதற்குப் பிறகு "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்து, பேங்கில் இருக்கும் ஒவ்வொருவரையும் விளித்து, பியூன் வரைக்கும் வந்தேன். தமிழ்செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது நிமிசம் ஆச்சுண்ணே. இன்னும் வணக்கமே முடியல."

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா?"

"அவங்க நேரத்தைத் தின்னாம இருக்கறதுதான் மரியாதை. சரி, சொல்லுங்க. நீங்க பேசிட்டு உக்காந்த பிறகு அவங்க என்ன செய்யணும்?"

"லோன் குடுக்கணும்."

"எவ்ளோ?"

"இருபது லட்சம்."

"அது எந்த ஸ்லைடுல இருக்கு?"

தேடினேன். நாற்பத்தோராவது ஸ்லைடில் இருந்தது.

சரி, படித்துக் காட்டலாம் என்று திரும்பி அந்த ஸ்லைடைப் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் எல்லாம் இருட்டாகிவிட்டது. தமிழ்செல்வி எழுந்துபோய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார்! திரையும் இல்லை, எழுத்தும் இல்லை, நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன்.

"கரண்டு போச்சுன்னா உங்க மண்டியில எடை போட மாட்டீங்களா?" என்று இருட்டிலிருந்து கேட்கிறார். "போடுவீங்க இல்ல? அப்ப பேசுங்க. கதவைத் திறந்து வெச்சிருக்கேன், என் மொகம் தெரியுதுல்ல? என்னைப் பார்த்துப் பேசுங்க."

யாரிடம் பயிற்சிக்குப் போனாலும் தைரியமாகப் பேசு, கை காலை ஆட்டாதே என்று சொல்வார்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பழக்கியவர் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லுங்கள்!

அவருடைய விலைப்பட்டியலும் எனக்குப் புரியவில்லை. நாற்பத்தாறு ஸ்லைடுக்கு ஆயிரம் ரூபாய், ஐந்து ஸ்லைடுக்கு மூவாயிரம் ரூபாய் என்றார். நான் வியாபாரி. விடுவேனா? "ஏம்மா, சரக்கு கம்மி, விலை ஜாஸ்தி. இது எந்த ஊர் கணக்கு?" என்றேன்.

"தோலோட இருக்கற மல்லாட்டை மூட்டை என்ன விலை? உரிச்ச பருப்பு என்ன விலை?"

சொன்னேன்.

"உரிக்கறதுக்குத்தாங்க கூலி" என்றார்.

என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். மூவாயிரம் கொடுத்தேன். முதல் ஸ்லைடிலேயே இருபது லட்சம் என்று இருந்தது. விளிப்பு ஒரு வரி. பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். குடோன் இன்றைக்கும் நிற்கிறது.

பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோ ஓட்டும் தருமன் இங்கே வந்திருக்கிறார். பௌர்ணமிக்கு ஆட்டோ நிறுத்த இடம் கேட்டு அதிகாரிகள் முன்னால் பேச வேண்டியிருந்தது. நாலு பக்கம் தூய தமிழில் எழுதிக்கொண்டு போனார். தமிழ்செல்வி அந்தக் காகிதத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நீ சவாரிக்கு ஆளை எப்படிக் கூப்பிடுவ?" என்று கேட்டார். "அடி அண்ணாமலை, ஒரு சீட்டு, உடனே கிளம்பும்" என்றார் தருமன். "எங்க போகுது, எவ்ளோ இடம் இருக்கு, எப்ப கிளம்பும். மூணும் சொல்லிட்டியே! அதிகாரிகிட்டயும் அப்படியே சொல்லு" என்றார். சொன்னார். இடம் கிடைத்தது. தருமன், எழுந்து நிற்க வேண்டாம்ப்பா, உட்கார்.

இப்படி எத்தனை பேர்! இந்த ஊரில் எத்தனை பேருக்கு வாய் திறந்துவிட்டவர் தமிழ்செல்வி! அவருக்கு எந்தப் பட்டமும் யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுக்கிறேன். வாய் திறந்துவிட்ட தமிழ்செல்வி. அவ்வளவுதான், கைத்தட்ட வேண்டாம், இது இரங்கல் கூட்டம்.

இனிமேல்தான் என் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அவர் மாடியில் மூன்று நாற்காலி போட்டிருப்பார். பேசிப் பழக வருபவர் நின்றுகொண்டு பேச வேண்டும். முதல் நாற்காலி விஷயம் தெரிந்தவருக்கு. இரண்டாவது விஷயமே தெரியாதவருக்கு. அதில் பெரும்பாலும் நம் முருகையன்தான் உட்காருவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது நாற்காலி எதிராளிக்கு. இந்தப் பேச்சு ஜெயித்தால் யாருக்கு நஷ்டமோ, அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்து அதில் உட்கார வைப்பார். கேள்வி கேட்கச் சொல்வார்.

இந்த மே மாதம் என்னைக் கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். கிரிவலப் பாதையில் பன்னிரண்டு ஓட்டல்காரர்கள் சேர்ந்து மொத்தமாகச் செக்கு எண்ணெய் வாங்க முடிவு செய்தார்கள். மாதம் அறுநூறு லிட்டர். ஆறு மாத ஒப்பந்தம். அதில் பாதி ஓட்டலுக்கு ஒன்பது வருடமாக எண்ணெய் போடுவது நான். எனக்குப் போட்டியாகக் கீழ்பென்னாத்தூர் மகளிர் குழு. நாற்பத்திரண்டு பேர், ஒரே ஒரு செக்கு. அவர்கள் தலைவி ஜோதியம்மாள், அதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அவரைத்தான் தமிழ்செல்வி தயார் செய்துகொண்டிருந்தார்.

முதலில் நான் எனக்காகத்தான் அவரிடம் போனேன். முடியாது என்றுவிட்டார். "ஒரே நாள்ல ரெண்டு பக்கத்துக்கும் நான் நிக்க மாட்டேண்ணே. உங்களுக்குப் பேசத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. நீங்க வந்து மூணாவது நாற்காலியில உக்காருங்க."

"யம்மா, உனக்குப் புத்தி இருக்கா? அந்த வியாபாரம் போனா நஷ்டம் எனக்குத்தான்."

"அதனாலதாண்ணே கூப்பிடறேன். நல்லவங்க வந்தா தலையைத் தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க ஆட்ட மாட்டீங்க."

போனேன். எதற்குப் போனேன்? உதவி செய்யவா? ஜோதியம்மா, இங்கே எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன். உங்கள் விலை என்ன, உங்கள் பலவீனம் எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். எதிராளியைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தால் எந்த வியாபாரிதான் போக மாட்டான்?

நாலு சனிக்கிழமை போனேன். கேள்வி கேட்டேன். முதல் வாரம் ஜோதியம்மாள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். இரண்டாவது வாரம் என்னைத் திட்டினார். மூன்றாவது வாரம் பதில் சொன்னார். நாலாவது வாரம் நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. ஆறு கேள்விக்கும் ஆறு பதில்.

ஆனால் என்னிடம் இருந்தது ஏழு கேள்வி.

ஏழாவதை நான் கேட்கவில்லை. அது பெரிய கேள்வி. அதற்கு அவர்களிடம் பதில் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஓட்டல்காரர்கள் முன்னால், அன்றைக்கு, நேராகப் போடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன்.

அந்த நாலாவது சனிக்கிழமை மாடிப்படி இறங்கும்போது தமிழ்செல்வி பின்னாலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, ஒண்ணு பாக்கி வெச்சிருக்கீங்க போலிருக்கே?"

"இல்லையே. எல்லாம் கேட்டுட்டேன்" என்றேன்.

சிரித்தார். "சரி, அன்னைக்குக் கேளுங்க" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. நான் அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை பொய். அடுத்த புதன்கிழமை அவர் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்த மைக் முன்னால் நான் நிற்பதற்கே அருகதை இல்லை. சாவு வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். அழுதேன், நிஜமாகத்தான் அழுதேன். ஆனால் மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மூலையில் ஜோதியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். 'இனிமேல் இந்தக் குழு எழுந்திருக்காது' என்று என் மனசு கணக்குப் போட்டது. அழுகையும் கணக்கும் ஒரே சமயத்தில் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. இருந்தது.

தலைவர் என்னைப் பார்க்கிறார். இதோ முடித்துவிடுகிறேன் தலைவரே, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

பதினாறாம் தேதி, திங்கட்கிழமை. கிரிவலப் பாதையில் ஒரு ஓட்டல் மாடி ஹாலில், ஓட்டல்காரர்களில் ஐந்து பேர் கொண்ட கமிட்டி உட்கார்ந்திருந்தது. ஒளிவு மறைவு வேண்டாம் என்று விலை சொல்ல வந்த எல்லாரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தார்கள். நான் கடைசி வரிசை. ஜோதியம்மாள் எழுந்தார். தமிழ்செல்வி செய்த நாலு ஸ்லைடு. அந்தப் புதன்கிழமை காலையில் பெரிதாக்கிய எழுத்து, கடைசி வரிசையிலிருந்து எனக்கே நன்றாகத் தெரிந்தது.

"நாங்க நாற்பத்திரண்டு பேரு. ஜூலையிலருந்து ஆறு மாசம், மாசம் அறுநூறு லிட்டர் எண்ணெய் எங்ககிட்ட வாங்குங்க. லிட்டர் இருநூத்தி எண்பத்தஞ்சு" என்றார். அருமையான ஆரம்பம்! கேட்க வேண்டியதை முதல் வாயிலேயே கேட்டுவிட்டார்.

அப்புறம் நின்றுவிட்டார்.

ஏன் நின்றார் தெரியுமா? அவர் பழகியதெல்லாம் பதில். நாலு வாரமாக முதல் வரி சொன்னதும் மூன்றாவது நாற்காலியிலிருந்து ஒரு கேள்வி வரும், அதைப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவார். அப்படியே பழகிவிட்டார். கேள்வி இல்லாமல் எப்படிப் போவது என்று தமிழ்செல்வி கடைசி வாரத்தில் சொல்லித்தருவதாக இருந்தாராம். அந்தக் கடைசி வாரம் வரவேயில்லை. இங்கே கமிட்டி கேட்டதா? ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை! பலராமன் அவர்களே, நீங்கள்தான் கமிட்டித் தலைவர். வடையைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாகத் தலையாட்டினீர்கள். இரண்டு பேர் செல்போன் பார்த்தார்கள். நல்லவர்கள் தலையாட்டுவார்கள் என்று தமிழ்செல்வி சொன்னது அப்படியே நடந்தது.

ஜோதியம்மாள் கண் நாற்காலி நாற்காலியாகத் தேடியது. கடைசியில் என்மேல் வந்து நின்றது.

நான் எழுந்தேன். உதவி செய்ய எழுந்தேனா? சத்தியமாக இல்லை. நின்று தவிக்கும் ஆளுக்குப் பழகிய பதில்கூட வராது, ஒரு கேள்வியில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். கெடுக்கத்தான் எழுந்தேன். "ஒரே ஒரு செக்கு வெச்சிருக்கீங்க. பௌர்ணமிக்கு முந்தின நாள் எல்லா ஓட்டலும் மூணு பங்கு எண்ணெய் கேக்கும். எங்கருந்து கொண்டாருவீங்க?" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்!

"பௌர்ணமி திடீர்னு வர்றதில்லையே, மண்டிக்கார அண்ணே. காலண்டர்லயே போட்டிருக்கான். பத்து நாள் முன்னாடியே ஆட்டி வெச்சுடுவோம். தீபத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே."

ஹாலில் சிரித்தார்கள். செல்போன் பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

அங்கேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த வியாபாரியும் உட்கார்ந்திருப்பான். நான் இரண்டாவது கேள்வி கேட்டேன். ஏன் கேட்டேன்? முதல் கேள்வி கெடுக்க. அது சரி. இரண்டாவது? எண்ணெய் நாறினால் யார் திரும்ப எடுப்பது என்றேன். "டின்னு மேல ஆட்டினவங்க பேரு எழுதியிருக்கும். அவங்களே வந்து எடுத்துட்டுப் போவாங்க" என்றார். லைசென்ஸ் இருக்கிறதா என்றேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மல்லாட்டை விலை ஏறினால் என்றேன். விதைப்புக்கு முன்னாலேயே வாங்கிப் போட்ட மூட்டைக் கணக்கைச் சொன்னார். என்னைவிடப் பதிமூன்று ரூபாய் ஜாஸ்தி கேட்கிறீர்களே என்றேன். "இதுல ஒரு தோசை சுட்டு ருசி பாருங்க, வித்தியாசம் நாக்குல இருக்கு" என்று பாட்டிலைத் தூக்கி பலராமன் கையில் கொடுத்துவிட்டார்.

"நாற்பத்திரண்டு பொம்பளைங்க சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டா ஓட்டல்காரன் என்ன செய்வான்?" இது ஆறாவது.

"எட்டு வருசமா சண்டை போட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கோம். செக்கு ஒரு நாளும் நிக்கல."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வியாபாரம் போய்க்கொண்டிருக்கிறது, நான் சிரிக்கிறேன்!

ஏழாவது கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. ஜோதியம்மாளும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு என் முறை வந்தது. என்னிடம் ஒரே ஸ்லைடு. லிட்டர் இருநூற்று எழுபத்திரண்டு. இரண்டு நிமிடத்தில் முடித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் அந்தப் பாட்டில் எண்ணெயில் சுட்டு வந்த தோசையை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் அவர்களுக்குப் போனது. ஒன்பது வருட வியாபாரம் எனக்கு அன்றைக்குப் போனது.

படிக்கட்டில் ஜோதியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா சொன்னாங்கண்ணே. மண்டிக்காரரு அன்னைக்கும் சும்மா இருக்க மாட்டாரு, எழுந்து கேப்பாரு, அவரைப் பார்த்தே பேசுன்னு."

இது என்னைப் புகழ்ந்ததா, வைததா? நான் எதிரியாக எழுவேன் என்று தெரிந்து சொன்னாரா, மனுஷனாக எழுவேன் என்று நம்பிச் சொன்னாரா? ஊரில் எல்லாரும் இப்போது எனக்கு நன்றி சொல்கிறார்கள். மண்டிக்காரர் பெரிய மனசு, போட்டியாளருக்கே வழி விட்டார் என்கிறார்கள். நான் வழி விடவில்லை! கெடுக்க எழுந்தவன் நான். ஆனால் கெடுக்க எழுந்தவன் எதற்கு ஏழாவது கேள்வியை விழுங்கினான்? இரக்கமா? அசட்டுத்தனமா? அவரிடம் கடைசியாகச் சொன்ன பொய்யின் உறுத்தலா? முருகையனிடம் கேட்டேன். "நான் ரெண்டாவது நாற்காலிங்க, எனக்கு என்ன தெரியும்?" என்கிறார்.

அதுவும் போகட்டும். விழுங்கியதாவது சரியா? தமிழ்செல்வி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்ட கேள்வியால் யாரும் கெட்டதில்லை, கேட்காமல் விட்ட கேள்விதான் பின்னால் வந்து கவிழ்க்கும் என்பார். "அன்னைக்குக் கேளுங்க" என்றுதானே என்னிடம் சொன்னார்? கேட்டிருந்தால் அவர்கள் தோற்றிருப்பார்கள். கேட்காததால் ஜெயித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து நடுவழியில் நிற்பார்கள். அப்படியானால் அவருக்கு மரியாதை எது? விழுங்கியதா, விழுங்காமல் கேட்டிருப்பதா?

இதைப் பத்து நாள் சுமந்தேன். மூட்டை தூக்கியவன்தான், ஆனால் இது கனமாக இருந்தது. நேற்று சாயங்காலம் ஜோதியம்மாளை மண்டிக்கு வரச் சொன்னேன். ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவரை நிற்கச் சொன்னேன். என்னவோ ஏதோ என்று நின்றார். கேட்டேன்.

"ஆவணி, புரட்டாசியில நடவு. உங்க நாற்பத்திரண்டு பேருக்கும் அப்ப கழனியில கூலி ஜாஸ்தி. ஒருத்தி கூட செக்குக்கிட்ட இருக்க மாட்டீங்க. அந்த ரெண்டு மாசம் எண்ணெய் எங்க?"

அவர் அங்கே இருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, இது எங்க யாருக்கும் தோணல. இதை ஏன் அன்னைக்கே கேக்கல?"

"தெரியலம்மா" என்றேன். அதுதான் உண்மை.

பிறகு அவர் எழுந்து நின்றார். தமிழ்செல்வி பழக்கிய ஆளல்லவா! கேட்க வேண்டியதை முதல் வாயிலேயே கேட்டார். "உங்க ரெண்டு செக்குல ஒண்ணு அந்த ரெண்டு மாசம் எங்களுக்கு ஆட்டித் தரணும். கூலி சொல்லுங்க."

"கிலோவுக்குப் பதினெட்டு."

"பன்னிரண்டு."

"ஏம்மா, என் வியாபாரத்தையும் வாங்கிக்கிட்டு என் செக்கையும் பன்னிரண்டுக்குக் கேக்கறியா?"

"சும்மா நிக்கற செக்குதானேண்ணே? பன்னிரண்டு ஓட்டலுக்குப் போட்டுக்கிட்டு இருந்த எண்ணெய் இப்ப இல்லையே!"

ஆறு ஓட்டல்தான், ஆனாலும் சரியான அடி. இதற்குத்தான் நான் நாலு சனிக்கிழமை உட்கார்ந்து பழக்கிவிட்டேன் போலிருக்கிறது!

ஓட்டல் உரிமையாளர்களே, கவலைப்பட வேண்டாம். நடவு மாதத்திலும் உங்கள் எண்ணெய் வரும். டின்மேல் அவர்கள் பெயர்தான் இருக்கும்.

நண்பர்களே! தமிழ்செல்வியின் படத்துக்கு முன்னால் நின்று அவர் பணியைத் தொடர்வோம் என்று சும்மா சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை. அப்படிச் சொன்னால், "நீங்க உக்காந்த பிறகு அவங்க என்ன செய்யணும்?" என்று அந்தப் படமே கேட்கும். அதனால் முருகையனிடமும் ஜோதியம்மாளிடமும் பேசி முடித்ததைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அந்த மாடி மூடாது. கீழே ஜெராக்ஸ் ஓடும், மேலே பேச்சுப் பழக்கம் ஓடும். வருபவர்களைப் பழக்க ஜோதியம்மாள் வருவார், மெயின் ஸ்விட்சை முருகையன் அணைப்பார், மூன்றாவது நாற்காலியில் நான் உட்காருவேன். டிசம்பரில் இந்த ஒப்பந்தம் முடிகிறது. அப்போது அதே கமிட்டி முன்னால் நான் மறுபடியும் போவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கு நான் நின்று பழகும்போது அந்த நாற்காலியில் ஜோதியம்மாள் உட்கார வேண்டும். சரி என்றிருக்கிறார்.

என் குழப்பம் தீரவில்லை. தமிழ்செல்வி என்ன நினைத்து என்னைக் கூப்பிட்டார் என்று இனி யாரிடம் கேட்பேன்? ஆனால் பேசி முடித்ததில் குழப்பம் இல்லை. எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன், சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதம் என் செக்கில் ஒன்று அவர்களுக்கு. ஆட்டுக்கூலி கிலோவுக்குப் பதினாலு ரூபாய். புண்ணாக்கு அவர்களுக்கு. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மூன்றாவது நாற்காலி. அதற்கு எனக்குக் கூலி ஒரு டீ, சர்க்கரை கம்மி. யார் உட்கார்ந்தாலும், ஒரு கேள்வியும் பாக்கி வைக்கக் கூடாது.